எழுந்து நின்றுவிட்டால் சரியாகிவிட்டதா?

"மாமா, நீங்களே நியாயம் சொல்லுங்க. ஒரே ஒரு கஜம்தான் பாக்கி. பந்து நம்ம கையில இருக்கு. முட்டி மோதி ஓடிப் போய் விழ வேண்டியதுதானே? எதுக்குத் தூக்கி எறியணும்?"

கேட்டவன் என் அக்கா மகன். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் வேலை. போன வருஷம் அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நண்பர்கள் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். இட்லி, சாம்பார், காபி... பிறகு டி.வி.யில் அமெரிக்க புட்பால். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் பேச்சு எப்படியோ 2015-ஆம் வருஷத்து இறுதிப் போட்டிக்குப் போய்விட்டது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பஞ்சாயத்து மட்டும் தீரவில்லை! குரல் உயர்ந்தது. கடைசியில், "மாமாவுக்குப் போட்டுக் காட்டு, அவரே சொல்லட்டும்" என்று பழைய வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

பார்த்தேன். அவர்கள் நிறுத்தி நிறுத்திக் காட்டிய இடத்தை விட, சும்மா ஓட்டிக்கொண்டு போன வேறொரு இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேசப் போகிறேன்.

'சித்த வைத்தியருக்கு அமெரிக்க புட்பாலில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இன்றைக்கு நம்மில் எத்தனையோ குடும்பங்களில் ஒரு பிள்ளையோ பெண்ணோ அங்கே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த ஆட்டம் ஆட ஆசைப்படுகிறார்கள். அதை விட முக்கியம், விஷயம் தலையைப் பற்றியது. தலை எந்த ஊரிலும் தலைதானே!

ஓட்டமா, வீச்சா?

முதலில் ஆட்டம் என்னவென்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். நாம் சொல்லும் கால்பந்து வேறு, இது வேறு. இரண்டு முனையும் கூர்மையான பந்து. பக்கத்துக்குப் பதினொரு பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் அணி நாலு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நாலு முயற்சி. எதிரணிக்காரன் சும்மா இருப்பானா? ஓடி வருபவனை மோதித் தரையில் தள்ளுவான். அது இந்த ஆட்டத்தில் தப்பே இல்லை. அதுதான் ஆட்டம்!

ஒவ்வொரு முயற்சிக்கு முன்னாலும் ஒரு திட்டம் உண்டு. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதா, தூரத்தில் நிற்பவனுக்கு எறிவதா? பயிற்சியாளர்கள் தீர்மானித்துச் சொல்ல, அது பந்து எறிபவரின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியோ வழியாக அவர் காதில் விழும். மல்யுத்தத்தையும் சதுரங்கத்தையும் ஒன்றாகக் கலந்த மாதிரி!

2015 பிப்ரவரி 1-ஆம் தேதி, அரிசோனா மாநிலத்தில் இறுதிப் போட்டி. சியாட்டில் அணியும் நியூ இங்கிலாந்து அணியும் மோதின. ஆட்டம் முடிய அரை நிமிஷம் கூட இல்லை. நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. ஆனால் பந்து சியாட்டில் கையில். எல்லைக் கோட்டுக்கு ஒரே கஜம் பாக்கி. மார்ஷான் லிஞ்ச் என்று ஓர் ஓட்டக்காரர் அவர்களிடம் இருந்தார். நாலு பேர் பிடித்து இழுத்தாலும் நாலடி முன்னால் போய் விழுகிற ஆள். அதற்கு முந்தைய முயற்சியில்தான் நாலு கஜம் ஓடிக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். அவரிடமே பந்தைக் கொடுப்பார்கள் என்று உலகமே எதிர்பார்த்தது.

கொடுக்கவில்லை. ரஸ்ஸல் வில்சன் எறிந்தார். எதிரணியின் மால்கம் பட்லர் என்ற புதுப் பையன் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். கதை முடிந்தது. சியாட்டிலின் தலைமைப் பயிற்சியாளர் பீட் கேரல் அன்றைக்கு வாங்க ஆரம்பித்த வசவு இன்னும் நின்றபாடில்லை.

என் அக்கா மகன் கட்சி, ஓடியிருக்க வேண்டும். அவன் நண்பர் கட்சி, எறிந்ததில் தப்பில்லை. எறிந்து பிடிபடாமல் போனால் கடிகாரம் நின்றுவிடும், இன்னும் இரண்டு முயற்சி மிஞ்சும் என்பது அவர் கணக்கு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது.

ஆனால் அதே ஆட்டத்தில் வேறு இரண்டு தீர்மானங்களும் எடுக்கப்பட்டன. அவற்றைப் பற்றி அந்த அறையில் யாருமே வாயைத் திறக்கவில்லை!

ஒருவர் வெளியே... ஒருவர் உள்ளே!

மூன்றாவது கால் பகுதி. சியாட்டிலின் கிளிஃப் ஏவ்ரில் என்பவருக்குத் தலையில் அடி. பந்து எறிபவரை நெருக்கி நிம்மதியாக எறியவிடாமல் செய்வதுதான் அவர் வேலை. அணிக்கு மிகவும் தேவையான ஆள். மூளை அதிர்ச்சி என்று தெரிந்ததும் அவரை வெளியே உட்கார வைத்தார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

நாலாவது கால் பகுதி. பதினோரு நிமிஷம் பாக்கி இருக்கும். நியூ இங்கிலாந்து 10 புள்ளி பின்தங்கியிருந்தது. டாம் பிரேடி எறிந்த பந்தை ஜூலியன் எடெல்மன் பிடித்தார். பிடித்த மறு விநாடி சியாட்டிலின் கேம் சான்ஸலர் வந்து மோதினார் பாருங்கள்... டி.வி.யில் பார்த்த எனக்கே பின்மண்டை வலித்தது! சான்ஸலர் மலை மாதிரி ஆள். எடெல்மன் எழுந்து இன்னும் கொஞ்சம் ஓடினார். மைதானத்தை விட்டு அவர் வெளியே வரவில்லை. அதே தொடரில் இன்னொரு பந்தையும் பிடித்தார். அப்புறம் ஓரத்தில் வைத்துப் பரிசோதித்தார்கள், தேறிவிட்டார் என்று செய்தி வந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது வெற்றிப் புள்ளிகளை எடுத்தவரும் அவரேதான்.

அவருக்கு மூளை அதிர்ச்சி இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. டி.வி.யில் பார்த்து நோய் சொல்கிற வைத்தியன் இல்லை நான். நான் கேட்பது ஒன்றுதான். அந்த மாதிரி ஓர் அடி விழுந்தால் முதலில் ஆளை வெளியே கூப்பிட்டுப் பார்ப்பதா, ஆட்டம் ஓரிடத்தில் நிற்கட்டும் என்று காத்திருப்பதா?

இந்தக் கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. அடுத்த மாதமே, 2015 மார்ச்சில் விதியைத் திருத்தினார்கள். அரங்கத்தின் மேலே உட்கார்ந்து கண்காணிக்கும் மருத்துவ உதவியாளர் ஒருவர், 'அந்த ஆள் தடுமாறுகிறார்' என்று கண்டால் நடுவருக்கு ரேடியோவில் சொல்லி ஆட்டத்தையே நிறுத்தலாம். நல்ல விதி.

இப்போது கணக்குப் பாருங்கள். ஏவ்ரிலை வெளியே உட்கார வைத்த அணி தோற்றது. அவர் இல்லாத கடைசிப் பகுதியில் பிரேடி சாவகாசமாக நின்று எறிந்தார். அவர் இருந்திருந்தால் அந்த ஒரு கஜப் பிரச்னையே வந்திருக்காதோ என்னவோ! என்னைக் கேட்டால், அன்று இரவு அந்த மைதானத்தில் எடுத்த தீர்மானங்களிலேயே மிகச் சிறந்தது ஏவ்ரிலை வெளியே உட்கார வைத்ததுதான். கோப்பை போனது. ஆனால் ஓர் ஆளின் மூளை அன்றைக்கு இரண்டாவது அடியிலிருந்து தப்பியது. இதை யாராவது கொண்டாடினார்களா? இல்லை!

ஹெல்மெட் இருக்கிறதே?

"அதான் ஹெல்மெட் போட்டிருக்காங்களே, மாமா!" என்றான் அக்கா மகன்.

ஹெல்மெட் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே இருக்கும் மூளையை? ஒரு கிலோ முந்நூறு, நானூறு கிராம் எடையுள்ள மிருதுவான உறுப்பு அது. மண்டைக்குள் கொஞ்சம் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. ஒரு தூக்குவாளியில் தயிரை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். சட்டென்று நில்லுங்கள். வாளிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர்? அப்படித்தான். ஓடி வந்த தலை ஒரே கணத்தில் நிற்கும்போதும், சுழலும்போதும் மூளை உள்ளுக்குள் குலுங்குகிறது. நுண்ணிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. வெளியே ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. ஸ்கேனில் கூடப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நினைவு தப்பினால்தான் மூளை அதிர்ச்சி என்று நினைப்பது தப்பு. பெரும்பாலானவர்களுக்கு நினைவு தப்புவதே இல்லை.

ஒரு தடவை குலுங்கினால், ஓய்வு கொடுத்தால், அநேகமாகச் சரியாகிவிடும். ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் ஆபத்து. வருஷக்கணக்கில் சின்னச் சின்ன அடியாக விழுந்துகொண்டே இருந்தால்?

அதற்குப் பதில் 2002-இல் கிடைத்தது. மைக் வெப்ஸ்டர் என்று ஒரு பெரிய ஆட்டக்காரர். பிட்ஸ்பர்க் அணிக்காக நாலு இறுதிப் போட்டிகளை வென்றவர். மொத்தம் 17 பருவங்கள் முன்வரிசையில் நின்று முட்டி மோதியவர். ஓய்வுக்குப் பிறகு ஞாபகம் தவறியது. குணம் மாறியது. குடும்பம் சிதறியது. சில காலம் தன் வண்டிக்குள்ளேயே படுத்து உறங்கினார். 50 வயதில் இறந்து போனார். பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த டாக்டர் பென்னட் ஓமலு. பார்வைக்கு அந்த மூளை சாதாரணமாகத்தான் இருந்தது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோதுதான் 'டௌ' என்ற புரதம் அங்கங்கே படிந்து கிடந்தது தெரிந்தது. 2005-இல் ஓமலு அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லும் அந்த நோய் ஒன்றும் புதிதல்ல. குத்துச்சண்டைக்காரர்களுக்கு இப்படி ஒரு தள்ளாட்டம் வருகிறது என்று 1928-லேயே ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார்.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தார், இறந்து போன தொழில்முறை ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். 110 பேருக்கு இந்த நோய்! உடனே 'ஆடுகிற எல்லோருக்கும் வரும்' என்று பயந்துவிடாதீர்கள். குடும்பத்தார் சந்தேகப்பட்டுத் தானமாகக் கொடுத்த மூளைகள்தான் பெரும்பாலும் அங்கே வந்தன. ஆகவே அதை வைத்து விகிதம் போட முடியாது. ஆனால் 'எப்போதாவது ஒருவருக்கு வருகிற அபூர்வ நோய்' என்று இனி யாரும் சொல்லவும் முடியாது. 2015-இல் கிறிஸ் போர்லண்ட் என்ற 24 வயது ஆட்டக்காரர், ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, தலைக்கு வரும் கேட்டை யோசித்து, "போதும்" என்று விலகிக்கொண்டார். எத்தனை பணத்தை விட்டுவிட்டு! அந்தப் பையனை நான் கும்பிடுகிறேன்.

"நல்லா இருக்கேன் சார்!"

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி முடித்து வந்த புதிது. ஓர் ஊர்க் கபடிப் போட்டிக்கு முதலுதவி செய்யக் கூப்பிட்டிருந்தார்கள். பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் பிடியில் சிக்கி, பின்தலை தரையில் மோத விழுந்தான். ஓடிப் போய், "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்கேன் சார்" என்றான். எழுந்து மண்ணைத் தட்டினான். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். ராத்திரி ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் வாந்தி, உளறல். அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். பிழைத்துக்கொண்டான். அந்த 'நல்லா இருக்கேன் சார்' மட்டும் என் காதை விட்டுப் போகவில்லை.

அடிபட்டது எதில்? மூளையில். 'எப்படி இருக்கு?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது எது? அதே மூளை! குடித்தவனிடம் 'தள்ளாடுகிறாயா?' என்று கேட்ட கதைதான்.

2022 செப்டம்பரில் மயாமி அணியின் டுவா டகோவாய்லோவா விழுந்து, எழுந்து, கால் பின்னித் தடுமாறினார். பரிசோதித்துவிட்டு மறுபடி ஆட விட்டார்கள். நாலே நாள் கழித்து அடுத்த ஆட்டம். தூக்கி எறியப்பட்டு விழுந்தார். விரல்கள் கோணிக்கொண்டு விறைத்து நின்றதை நாடே பார்த்தது. ஸ்ட்ரெச்சரில் போனார். அதன் பிறகுதான், தலையில் அடிபட்டவர் நடையில் தள்ளாடினாலே அன்றைக்கு அவர் திரும்பக் கூடாது என்று விதியை இறுக்கினார்கள்.

அடி இல்லாமல் ஆட்டமா?

"அடியே கூடாதுன்னா அப்புறம் ஆட்டத்துல என்ன சுவாரஸ்யம்?" என்று கேட்டார் அக்கா மகனின் நண்பர். நியாயமான கேள்வி. 2012-இல் நியூ ஆர்லியன்ஸ் அணியில், எதிரணி ஆளை வெளியே போகிற மாதிரி அடித்தால் பரிசுப் பணம் என்று ஓர் ஏற்பாடு நடந்தது அம்பலமாகி, தலைமைப் பயிற்சியாளரையே ஒரு வருஷம் தள்ளி வைத்தார்கள். அதுவா சுவாரஸ்யம்?

ஒரு பழைய கதை சொல்கிறேன். 1905-ஆம் வருஷம் அமெரிக்காவில் இந்த ஆட்டத்தில் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் செத்துப் போனார்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பையன்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டுப் பேசினார். அடுத்த வருஷம் விதிகளை மாற்றினார்கள். அப்போது வந்த விதிகளில் ஒன்றுதான் பந்தை முன்னோக்கி எறியலாம் என்பது! கும்பலாக முட்டி மோதிச் சாவதைக் குறைக்கத்தான் அது வந்தது. ஆக, 'ஓட்டமா, வீச்சா?' என்று இன்றைக்கு இவர்கள் இத்தனை ஆவேசமாகச் சண்டை போடுகிறார்களே, அந்தச் சண்டைக்கே வழி செய்தது உயிர் மேல் வைத்த அக்கறைதான். அதனால் ஆட்டம் அழிந்ததா? வளர்ந்தது!

நம் வர்ம சாஸ்திரத்தில் 108 வர்மங்கள் சொல்வார்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96. இவற்றில் தலை, கழுத்தில் மட்டும் 25. அடிமுறை கற்றவன் இளக்கு முறையும் கற்றிருக்க வேண்டும் என்பது ஆசான்கள் வழக்கம். அடிக்கத் தெரிந்தவனுக்கு அடியின் விளைவுக்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் அதன் சாரம். ஹெல்மெட் போட்டு ஆடும் ஆட்டத்துக்கும் அது பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பிள்ளை எங்கே இருந்தாலும், எந்த ஆட்டம் ஆடினாலும், தலையில் பலமாக அடிபட்டு மிரள மிரள விழித்தாலோ, தலைவலி, கிறுகிறுப்பு, மறதி என்று சொன்னாலோ, அன்றைக்கு ஆட்டம் அத்தோடு சரி. 'கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போ' என்பதே கூடாது. ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லாமல் மறுபடி ஆட விடாதீர்கள்.

திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்மணி பெரிதாகத் தெரிவது, கை கால் பலம் குறைவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், காது மூக்கில் ரத்தமோ நீரோ வடிவது... இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சித்த வைத்தியன் வீட்டுக்கு அல்ல!

ஆமாம், நானே சொல்கிறேன். அடிபட்ட தலையில் எண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்க்காதீர்கள். 'வர்மம் தட்டி எடுக்கிறேன்' என்று யாராவது வந்தால் மரியாதையாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். சி.டி.இ.யைக் குணப்படுத்தும் மருந்து இன்றைக்கு எந்த மருத்துவத்திலும் இல்லை. வல்லாரை நல்ல மூலிகைதான். அதற்காக, அடி வாங்கப் போகும் மூளைக்கு அதைக் கவசம் என்று விற்றால் அது வைத்தியம் அல்ல, வியாபாரம்.

முதல் ஓரிரு நாள் ஓய்வு கொடுங்கள். டி.வி., செல்போன் குறையட்டும். லேசான உணவு, நல்ல தூக்கம், மெல்ல நடை. தொந்தரவு இல்லையென்றால் படிப்படியாகப் படிப்பு, பிறகு பயிற்சி, கடைசியில்தான் மோதல் ஆட்டம்.

கடைசியாக...

ஊருக்குக் கிளம்பும் முன்தினம் அக்கா மகன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தான். அவன் மகனுக்குப் பதினாலு வயசு. பள்ளி அணியில் சேரப் போகிறான். தலையில் அடிபட்டால் என்னென்ன ஆகும் என்று விளக்கி, பெற்றோரும் பையனும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் அது.

அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு சிறுவன் இருக்கிறான். 2006-இல் சியாட்டில் இருக்கும் அதே வாஷிங்டன் மாநிலத்தில், 13 வயசுப் பையன் தலையில் அடிபட்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கினான். முடிந்ததும் சுருண்டு விழுந்தான். மூளையில் ரத்தக் கசிவு. உயிரை மீட்டார்கள். பேச்சு திரும்பவே மாதக்கணக்கில் ஆயிற்று. 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயரிலேயே சட்டம் போட்டது. சந்தேகம் வந்தாலே பிள்ளையை வெளியே எடு. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் உள்ளே விடாதே. 2014-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இந்த மாதிரிச் சட்டம் வந்துவிட்டது.

"போடலாமா மாமா?" என்றான்.

"மோதல் இல்லாத ஆட்டமும் இருக்கே? இடுப்புல கட்டின துணிப்பட்டையை உருவினாப் போதும்னு ஒண்ணு. 2028 ஒலிம்பிக்ஸ்ல கூட வரப் போவுதாம். என் விருப்பம் அதுதான்" என்றேன். பையன் முகம் வாடியது. அவன் ஆசை அப்படி!

"சரி, போடு. அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு வாக்குக் குடுங்க" என்றேன். பையனிடம், "தலையில பட்டா யார் கேக்காட்டியும் நானே சொல்லுவேன்னு சொல்லு" என்றேன். சொன்னான். அப்பனிடம், "அவன் சொன்னா, ஆட்டம் தோத்தாலும் திட்ட மாட்டேன்னு சொல்லு" என்றேன்.

அவன் சட்டென்று சொல்லிவிடவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகுதான் சொன்னான்.

உங்கள் வீட்டிலும் இந்த இரண்டு வாக்குறுதியை இன்றைக்கே வாங்கி வையுங்கள். அடிபடும் நேரத்தில் கேட்டால் கிடைக்காது.